ஏழு ஆண்டு எல்லை
எல்லையோரத்து ஊர்கள் – 9

சென்ற வாரம் தனுஷ்கோடி மணலில் நின்று கடலைப் பார்த்தோம். இந்த வாரம் கடலே இல்லாத ஊர். தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளி. இங்கே எந்த நாட்டின் எல்லை இருக்கிறது என்று கேட்பீர்கள். இன்று இல்லை. 1792 முதல் 1799 வரை இருந்தது.

மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு சுல்தான் 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். பணயமாக இரண்டு மகன்களையும் அனுப்பினார். பிள்ளைகள் போன கதையைப் பாடப்புத்தகம் சொல்கிறது. அதே உடன்படிக்கையில் இந்த ஊர் அடங்கிய பாராமகால் சீமை முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனதை அந்த அளவுக்குச் சொல்வதில்லை. மலைக்குக் கீழே இருக்கும் பாலக்கோடு, மாரண்டஹள்ளிச் சீமை கம்பெனிக்கு. மலைக்கு மேலே இருக்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் திப்புவுக்கு. சின்னாறு மேலே திப்புவின் மண்ணில் பிறந்து பஞ்சப்பள்ளி வழியாக இறங்கி வந்தது. அது யாரிடம் அனுமதி கேட்கும்?

மக்கள் நிலைமை வேறு. மேலே பெண் கொடுத்தவர்களும் கீழே பெண் எடுத்தவர்களும் ஒரே பேச்சுதான் பேசினார்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் பேச்சு. 'ஹள்ளி' என்றால் கன்னடத்தில் ஊர். ஊரின் பெயரிலேயே மேட்டு நாடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு சீமையின் நடுவே, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போட்ட கையெழுத்து இரண்டு நாடுகளைப் பிரித்தது. இந்த ஊர்க்காரர் ஒருவரைக்கூட அதற்கு யாரும் கேட்கவில்லை. அந்தக் கையெழுத்தில் எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம் இதுதான்.

கம்பெனி காவல் வைத்தது வடக்கே ராயக்கோட்டையில். மேட்டு நாட்டுக்கு ஏறும் கணவாயின் வாயில் அது. போர் நடந்துகொண்டிருந்த 1791இலேயே கம்பெனியின் மேஜர் கௌடியின் படை அதைப் பிடித்திருந்தது. கீழே தருமபுரியில், கலெக்டர் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகத் தாமஸ் மன்றோ இருந்தார். சங்கிலி பிடித்து வயல் வயலாக அளந்தார்கள். குடியானவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் சோதித்துப் பார்க்கப்பட்டது. பின்னாளில் மதராஸ் மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய முறை அது. பட்டா, கிஸ்தி என்று நம் தாத்தாக்கள் பேசிய பேச்சுக்கு இந்த எல்லைச் சீமை ஒரு நாற்றங்கால்.

மறுபடியும் போர் மூண்டது. 1799 மார்ச் தொடக்கத்தில் கம்பெனியின் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை ராயக்கோட்டை வழியே மைசூருக்குள் நுழைந்தது. அவ்வளவு ஆட்களும் மாடுகளும் போகிற வழியில் இருந்த குளத்துத் தண்ணீருக்கும் வைக்கோற்போருக்கும் என்ன ஆகியிருக்கும் என்று வேளாண்மை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே 4ஆம் தேதி திப்பு வீழ்ந்தார். ஓசூர்ப் பக்கமும் கம்பெனிக்கு வந்தது. எல்லை மறைந்தது.

முழுதாக மறைந்ததா? 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இப்போது மாரண்டஹள்ளி தருமபுரி மாவட்டம். ரயிலில் வடக்கே அடுத்த பெரிய ஊரான ராயக்கோட்டையும், மலைமேல் தேன்கனிக்கோட்டையும் கிருஷ்ணகிரி மாவட்டம். இந்த ஊர்ப் பக்கம் மட்டும், ஏறக்குறைய அந்தப் பழைய எல்லைக்கோட்டை ஒட்டியே மாவட்டக் கோடும் ஓடுகிறது.

ரீடின் ஆட்கள் எழுதிவைத்த பாராமகால் பதிவுகளைச் சென்னை அரசு பின்னாளில் அச்சிட்டது. அது அளந்தவர்கள் எழுதியது. அளக்கப்பட்டவர்களின் கதை வீடுகளில்தான் இருக்கிறது. மேட்டு நாட்டுச் சொந்தம், மலையேறிப் போன பாட்டி, மூன்று மொழி கலந்த தாலாட்டு என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருப்பதைக் கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.