கத்திரிக்கு ஒரு கொக்கி!

ஒரு ஊசி, 30 கிராம் பருத்தி நூல், மூணு சாயங்காலம்... நெத்தி வியர்வைக்கு நீங்களே பின்னலாம் ஒரு ஹெட்பேண்ட்!

சித்திரை பிறந்துட்டா போதும்... செங்கல்பட்டு ஸ்டேஷன்ல ரயிலை விட்டு இறங்குற அத்தனை பேர் நெத்தியும் குற்றாலம்தான்! கர்ச்சீப்பால துடைச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த அருவி ஆரம்பிச்சுடும். திருக்கழுக்குன்றம் வழியா பஸ் பிடிச்சு மாமல்லபுரம் போனா கடல் காத்து கிடைக்கும். ஆனா, அது வேற ரகம். சூடு கொஞ்சம் குறையும், பிசுபிசுப்பு கூடும். சுமார் 30 கிலோமீட்டருக்குள்ள ரெண்டு விதமான வெயில்!

இந்த ரெண்டுக்கும் சேர்த்து ஒரு சின்ன கைவைத்தியம் இருக்கு. அதுதான் குரோஷா ஹெட்பேண்ட். "அய்யய்யோ, அது ஊட்டியில குளிருக்குப் போடுறதாச்சே"ன்னு பதறாதீங்க பாஸ். குளிருக்குப் பின்னுறது கம்பளியில, நெருக்கமா. நாம பின்னப்போறது பருத்தியில, ஓட்டை ஓட்டையா! பசங்க, பொண்ணுங்க வித்தியாசமெல்லாம் கிடையாது. முடி நீளமா வெச்சிருக்கிற மெக்கானிக்கல் மாப்பிள்ளைகளும் தாராளமா உள்ளே வரலாம்.

வியர்வையில கொஞ்சம் தெர்மோடைனமிக்ஸ்

முதல்ல ஒரு விஷயம். வியர்வை நம்ம எதிரி இல்லீங்க. அது உடம்பே போட்டுக்கிட்ட ஏர்கூலர். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைத் தூக்கிட்டுப் போகுது. ஆனா, ஆவியானாதான் அந்த வேலை நடக்கும். சொட்டுச் சொட்டா வழிஞ்சு கீழே விழுந்தா, உடம்பு செலவு பண்ணின தண்ணி வேஸ்ட். கடலோரக் காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைய இருக்கிறதால, வியர்வை மெதுவாத்தான் காயும். அதுக்குள்ள வழிஞ்சு கண்ணுல இறங்கிடும். அப்புறம் எரிச்சலோ எரிச்சல்!

ஹெட்பேண்ட் ஒண்ணும் ஏ.சி. மாதிரி தலையைக் குளிர வைக்காது. வழியுற வியர்வையைப் பிடிச்சு, நூல் முழுக்கப் பரப்பி, காத்து படுற மாதிரி வெச்சிருக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. அந்த வேலையை ஒழுங்கா செய்யணும்னா ரெண்டு தகுதி வேணும். நூல், தண்ணியைக் குடிக்கணும். பின்னல்ல காத்து புகுந்து வரணும்.

நூல் விஷயத்துல கணக்கு தெளிவா இருக்கு. 65 சதவிகித ஈரப்பதம் உள்ள காத்துல வெச்சா, பருத்தி தன் உலர் எடையில சுமார் 8.5 சதவிகித ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். அக்ரிலிக் சுமார் 1.5 சதவிகிதம். பாலியஸ்டர் வெறும் 0.4 சதவிகிதம்தான்! ஃபேன்ஸி ஸ்டோர்ல 'உல்லன்'னு கேட்டா எடுத்துக் கொடுக்குற கலர் கலர் உருண்டைகள்ல பெரும்பாலும் அக்ரிலிக்தான் இருக்கும். சுவர்ல மாட்டுற பொம்மைக்கு அது ஓகே. மே மாசத்து நெத்திக்கு வேண்டவே வேண்டாம். லேபிளைத் திருப்பிப் பார்த்து, 'நூறு சதவிகிதம் காட்டன்'னு இருந்தா மட்டும் வாங்குங்க.

பருத்திக்கும் ஒரு குறை உண்டு. குடிச்ச தண்ணியை லேசுல விடாது. அதனாலதான் பின்னல்ல இடைவெளி வேணும்கிறோம்.

தேவையானவை

* பருத்திப் பின்னல் நூல் 30 கிராம் (நாலு இழை போதும். தடியான நூல் வேண்டாம்)
* 3.5 மி.மீ. குரோஷா ஊசி
* தலைமுடிக்குப் போடுற ரப்பர் வளையம் ஒண்ணு
* கண் பெரிசா இருக்கிற தையல் ஊசி, கத்தரிக்கோல், இன்ச் டேப்

ஊசி முனையில சின்னதா ஒரு கொக்கி இருக்கும். குரோஷாவோட மொத்த டெக்னாலஜியும் அந்தக் கொக்கிதான். ஸ்வெட்டர் பின்ன ரெண்டு ஊசி வேணும். இதுக்கு ஒண்ணே போதும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பரண்ல கிடக்குற பழைய கைவேலைப் புத்தகத்தையும் யூ டியூப் வீடியோவையும் சேர்த்துவெச்சுப் படிச்சா மண்டை காய்ஞ்சுடும். ஏன்னா, பிரிட்டிஷ்காரங்க 'டபுள்'னு சொல்றதை அமெரிக்கக்காரங்க 'சிங்கிள்'னு சொல்வாங்க. ஒரே பின்னல், ரெண்டு பேரு! இங்கே நாம சொல்றது எல்லாமே அமெரிக்கப் பேருதான்.

மூணே மூணு அடிப்படை

செயின்: ஊசியில ஒரு சுருக்கு முடிச்சு போடுங்க. நூலைக் கொக்கியில மாட்டி, அந்த வளையத்துக்குள்ள இழுங்க. ஒரு செயின் ரெடி.

சிங்கிள்: கண்ணிக்குள்ள ஊசியை விட்டு நூலை இழுங்க. ஊசியில இப்போ ரெண்டு வளையம். மறுபடி நூலை மாட்டி, ரெண்டு வழியாவும் ஒரே இழு!

டபுள்: முதல்லயே நூலை ஊசியில ஒரு சுத்து சுத்திக்கங்க. கண்ணிக்குள்ள விட்டு இழுத்தா மூணு வளையம். நூலை மாட்டி ரெண்டு வழியா இழுங்க. மறுபடி மாட்டி மிச்சம் ரெண்டு வழியாவும் இழுங்க. சிங்கிளைவிட இது உயரம்.

குட்டையும் நெட்டையுமா இந்த ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டா, துணி மேடு பள்ளமா வரும். அந்த மேடுகள் மட்டும்தான் நெத்தியில ஒட்டும். பள்ளங்கள்ல காத்து ஓடும். அழகுக்கு அழகு, உபயோகத்துக்கு உபயோகம்!

பின்னுவோமா?

1. 13 செயின் போடுங்க. ஊசிக்குப் பக்கத்துல இருக்குற முதல் செயினை விட்டுட்டு, ரெண்டாவதுல சிங்கிள், அடுத்ததுல டபுள், மறுபடி சிங்கிள், டபுள்... கடைசியில டபுள்ல முடியும். மொத்தம் 12 கண்ணி.

2. ஒரு செயின் போட்டுத் திருப்புங்க. இப்போ டபுள் மேல சிங்கிள், சிங்கிள் மேல டபுள். எந்த வரிசையா இருந்தாலும் ஆரம்பம் சிங்கிள், முடிவு டபுள். மனப்பாடம் பண்ண வேற எதுவும் இல்லை.

3. இப்படி மூணு வரிசை முடிஞ்சதும், நாலாவது ஜன்னல் வரிசை. நாலு செயின் போட்டுத் திருப்புங்க. (இதுல மூணு செயின் ஒரு டபுளுக்குச் சமம், மிச்சம் ஒண்ணு ஜன்னல்.) கீழ் வரிசையில முதல் ரெண்டு கண்ணியை விட்டு, மூணாவதுல டபுள். ஒரு செயின், ஒரு கண்ணியை விட்டு அடுத்ததுல டபுள்... இப்படியே பதினோராவது கண்ணி வரைக்கும் போய், பன்னிரண்டாவதுலயும் ஒரு டபுள் போட்டு முடிங்க. அஞ்சு ஜன்னல் வரும்.

4. ஒரு செயின் போட்டுத் திருப்பி, பழையபடி சிங்கிள், டபுள். முதல் ரெண்டு டபுள் மேல ஒரு சிங்கிள், ஒரு டபுள் போட்டாச்சுன்னா, அதுக்கப்புறம் ஜன்னலுக்குள்ள சிங்கிள், டபுள் மேல டபுள்னு தானா அமைஞ்சுடும். கடைசி டபுள், முன்னாடி போட்ட செயின்ல மூணாவது மேல வரும். எண்ணிப் பாருங்க, அதே 12!

5. மூணு மேடு, ஒரு ஜன்னல். இதையே திரும்பத் திரும்பப் பின்னுங்க. உங்க தலைச் சுற்றளவுல 8 செ.மீ. கழிச்சா வர்ற நீளம்தான் அளவு. 55 செ.மீ. தலைக்கு 47 செ.மீ. பட்டை. அகலம் ஏறத்தாழ 6 செ.மீ. வரும்.

6. ஒரு முனையை ரப்பர் வளையத்துக்குள்ள நுழைச்சு ஒரு செ.மீ. மடிச்சுத் தையுங்க. இன்னொரு முனையையும் அதே மாதிரி. பருத்தி இழுத்தா நீளும். ஆனா ரப்பர் மாதிரி பழையபடி சுருங்காது. பின்னாடி இருக்குற வளையம்தான் அந்த வேலையைப் பார்க்கும்.

நாடா வெச்சுக் கட்டுற மாடலும் உண்டு. இன்ஜினீயரிங் மக்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். வொர்க்ஷாப்ல லேத் முன்னாடி தொங்குற நாடா எதுவுமே கூடாது! ஹெல்மெட்டுக்கு அடியிலயும் இதைப் போடாதீங்க. ஹெல்மெட் தலையில கச்சிதமா உட்காரணும். வண்டியை நிறுத்தினப்புறம் பேண்டை மாட்டிக்கலாம்.

பட்டை கோணிக்கிட்டு வருதா?

அப்படின்னா எங்கேயோ கண்ணி கூடியிருக்கு, இல்லை குறைஞ்சிருக்கு. ஒவ்வொரு வரிசை முடிவுலயும் 12 இருக்கான்னு எண்ணுங்க. ஊசி உள்ளே நுழையவே அடம்பிடிச்சா, நூலை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீங்கன்னு அர்த்தம். விரலைத் தளர்த்துங்க.

தப்பு வந்தாலும் டென்ஷன் வேண்டாம். மாமல்லபுரம் கடற்கரையில மணல்ல உட்கார்ந்து வலையைச் சரிசெய்யுற மீனவர்களைக் கவனிச்சிருப்பீங்க. மீன்வலை முடிச்சுகளால ஆனது. ஒரு இடம் அறுந்தாலும் மத்த முடிச்சு அப்படியே நிக்கும். குரோஷா நேர் எதிர். வளையத்துக்குள்ள வளையம், அவ்வளவுதான். கடைசி நுனியைப் பிடிச்சு இழுத்தா ஆரம்பப் புள்ளி வரைக்கும் சரசரன்னு அவிழ்ந்து வந்துடும். ஒரு அடி நூல்கூட வீணாகாது. எத்தனை அரியர் வெச்சாலும் மறுபடி எழுதலாம்!

வியர்வை உப்பு நூல்ல தங்கிடும். அதனால போட்ட அன்னிக்கே பச்சைத் தண்ணியில அலசி, முறுக்கிப் பிழியாம, நிழல்ல விரிச்சுக் காய வைங்க. கொடியில தொங்கவிட்டா ஈர எடைக்கு நீளம் கூடிடும்.

மெஷின் தோத்த இடம்

இப்போ ஒரு ஆச்சரியமான விஷயம். ஸ்வெட்டர் பின்ன மெஷின் இருக்கு, லேஸ் நெய்ய மெஷின் இருக்கு. குரோஷாவை அப்படியே கைமாதிரி போடுற தொழிற்சாலை மெஷின் இன்னும் வரலை. ஜெர்மனியில ஆய்வு அளவுல முயற்சி நடந்திருக்கு. கடையில பார்க்குற குரோஷா மாதிரியான துணிகள் சில, வேற வகை மெஷின் பின்னல். நிஜ குரோஷாவா இருந்தா, விலைச்சீட்டுல எவ்வளவு குறைவா போட்டிருந்தாலும், ஒவ்வொரு கண்ணியும் யாரோ ஒருத்தர் விரல்ல பிறந்ததுதான்.

அந்த விரலுக்கு என்ன கிடைச்சுது? இதுக்கு தெற்குல ரெண்டு பதில் இருக்கு.

ஒண்ணு, நாகர்கோவில். 1819ல் அங்கே வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்களுக்கு லேஸ் பின்னக் கத்துக்கொடுத்தார். அது குரோஷா இல்லை, மரக் கட்டைகள்ல நூலைச் சுத்திப் பின்னுற வேற கலை. அந்த லேஸ் வித்த காசுல அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினாங்க.

இன்னொண்ணு, ஆந்திராவின் நர்சாபூர். அங்கேயும் 19-ம் நூற்றாண்டுல மிஷனரிகள் மூலமா வந்ததுதான் குரோஷா. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே போய் ஆய்வு பண்ணி, 1982ல் ஒரு புத்தகமே எழுதினார். நாள் முழுக்கப் பின்னின பெண்களுக்குக் கிடைச்சது குறைந்தபட்சக் கூலிக்கும் ரொம்பக் கீழே. லேஸோ வெளிநாட்டுக்கு ஏற்றுமதி! ஏன் இப்படி? 'வீட்டுல சும்மா இருக்குறவங்க, பொழுதுபோக்காப் பண்றாங்க' என்ற ஒரே ஒரு நினைப்புதான். 2024ல் நர்சாபூர் குரோஷாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. பேருக்கு மரியாதை வந்தாச்சு. கைக்கும் வரணும்!

நம்ம பக்கத்துலயும் சாதனை உண்டு. சென்னையில சுபஸ்ரீ நடராஜன் தொடங்கின 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர்ல போர்வை பின்னி கின்னஸ் சாதனை பண்ணினாங்க. ஒன்றரை கால்பந்து மைதானத்தைவிடப் பெரிசு! பின்னாடி அதைப் பிரிச்சுத் தேவைப்பட்டவங்களுக்கே கொடுத்தாங்க.

மச்சி, எவ்வளவுடா?

நல்லாப் பின்ன ஆரம்பிச்சதும் காலேஜ்ல ஆர்டர் குவியும். "மச்சி, நமக்குள்ள என்ன... முப்பது ரூபாய்க்குக் குடு"ன்னு ஒரு குரல் கேட்கும். பதில் சொல்றதுக்கு முன்னாடி கால்குலேட்டரை எடுங்க.

ஒரு பேண்டுக்கு ஏறத்தாழ 60 வரிசை. 60 தடவை 12... 720 கண்ணி! தையலையும் சேர்த்து மூணு மணி நேரம்னு வைங்க. 2025-26ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிச்ச நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பிரிச்சா மணிக்கு 42. மூணு மணிக்கு 126 ரூபாய். நூல், ரப்பர் காசு தனி. முப்பது ரூபாய்க்கு நீங்க கொடுத்தா உங்களுக்கு வீட்டுல சோறு இருக்கு, பரவாயில்லை. ஆனா, இதையே நம்பி அடுப்பு மூட்டுறவங்க அதே பேண்டை 150 ரூபாய் சொன்னா, "காலேஜ்ல முப்பதுக்குக் கிடைக்குதே!"ன்னு நீங்க வெச்ச விலையே அவங்க வாயை அடைச்சுடும்.

ஃப்ரெண்டுக்குக் கொடுக்கணும்னா சும்மாவே கொடுங்க, அது அன்பு. விக்கணும்னா சரியான விலைக்கு வித்துடுங்க, அது தொழில். ரெண்டுக்கும் நடுவுல இருக்குற அந்த முப்பது ரூபாய்தான் டேஞ்சர்!

மாமல்லபுரத்துல உளிச் சத்தம் கேட்குற எந்தப் பட்டறைக்கும் போய்ப் பாருங்க. அந்தக் கற்சிற்பங்களுக்கு 2017லேயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. கல்லுல பட்ட கைக்கு விலை உண்டுன்னா, நூல்ல பட்ட கைக்கும் உண்டு. 720 கண்ணியை ஒரு தடவை நீங்களே போட்டுப் பார்த்துட்டா, அப்புறம் கடற்கரைக் கடையில கைப்பின்னல் பொருளைக் கையில எடுத்து, "பாதி விலைக்குத் தருவீங்களா அக்கா?"ன்னு கேட்க வாய் வராது.

கொக்கியை மாட்டுங்க... கத்திரி வந்துக்கிட்டே இருக்கு!