மீன் வாடையும் புகைபோக்கியும்

தூத்துக்குடியில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் மாலை டீ குடித்துக்கொண்டிருந்தோம். பிளஸ் டூ படிக்கும் அவர் மகள் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைக் காட்டிக் கேட்டாள்: “மாமா, அந்தப் புகைய அப்படியே புடிச்சு எங்கயாவது அடைச்சு வைக்க முடியாதா?”

முழுப் புகையையும் அடைக்க முடியாது. நிலக்கரிப் புகையில் கரியமில வாயு நூற்றுக்கு 12 முதல் 14 பங்குதான். மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன்; அது பாவம், காற்றோடு வந்து காற்றோடு போகிறது. அந்தக் கூட்டத்தில் கரியமில வாயுவை மட்டும் கையைப் பிடித்து இழுக்க ஒன்று வேண்டும். அதற்குத்தான் அமீன். அமோனியாவுக்குச் சொந்தக்காரச் சேர்மம்.

“தண்ணியே போதாதா? கோலி சோடாவுல கரைஞ்சுதானே இருக்கு?”

சோடாவில் வாயுவை அடக்கி வைத்திருப்பது அழுத்தம். கோலியை உள்ளே தள்ளியதும் அழுத்தம் விடுபட்டு வாயு பொங்கிக்கொண்டு வெளியேறுகிறது. புகைபோக்கியில் அப்படி அழுத்தம் கிடையாது. வெறும் தண்ணீர் கொஞ்சம்தான் வாங்கிக்கொள்ளும். அமீன் அதை வேதியியல் முறையில் பிணைத்துக்கொள்கிறது.

எப்படி என்பது உங்கள் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. மீனை ஏன் புளித்தண்ணீரில் அலசுகிறோம்? மீன் கவிச்சிக்கு முக்கியக் காரணம் ட்ரைமெத்தில் அமீன் என்ற காரப்பொருள். புளியில் இருப்பது அமிலம். இரண்டும் சேர்ந்து உப்பாகிவிட்டால் அது ஆவியாகாது, வாடையும் மூக்குக்கு வராது. கரியமில வாயுவும் தண்ணீரில் மெல்லிய அமிலமாகவே நடந்துகொள்கிறது. அடுக்களையில் அமிலத்தை வைத்து அமீனைப் பிடிக்கிறோம். ஆலையில் அமீனை வைத்து அமில வாயுவைப் பிடிக்கிறார்கள்.

அங்கே வழக்கமாகப் பயன்படுவது மோனோஎத்தனாலமீன். 30 பங்கு அமீன், 70 பங்கு தண்ணீர். தூசும் கந்தகமும் நீக்கிக் குளிரவைத்த புகையை உயரமான கோபுரத்தின் அடியிலிருந்து ஏற்றுகிறார்கள்; கரைசல் மேலிருந்து இறங்குகிறது. நடுவே நெளிநெளியான உலோகத் தகடுகள் அடுக்கியிருக்கும். டீக்கடை மாஸ்டர் கையை உயர்த்தி ஆற்றும்போது டீ நீள இழையாக விழுந்து காற்றோடு நன்றாகக் கலக்கிறது அல்லவா? தகடுகளுக்கும் அதே வேலைதான், கரைசலைப் பரப்பிப் புகையோடு உரசவிடுவது. சுமார் 40 முதல் 60 டிகிரியில் வாயு பிணைந்துகொள்கிறது. பிறகு கரைசலை இரண்டாவது கோபுரத்துக்கு அனுப்பி ஏறக்குறைய 120 டிகிரிக்குச் சூடாக்கினால் பிணைப்பு அறுந்து, வாயு ஏறக்குறையத் தூய்மையாக வெளியே வரும். அமீன் மறுபடி முதல் கோபுரத்துக்குப் போகும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ராபர்ட் பாட்டம்ஸ் இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1930-இல். இயற்கை எரிவாயுவைச் சுத்தம் செய்ய அன்றிலிருந்து பயன்படுகிறது. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் மாலுமிகள் விடும் மூச்சைச் சுத்தம் செய்வதும் இதே அமீன்தான்.

அப்படியானால் ஏன் எல்லாப் புகைபோக்கியிலும் இது இல்லை? பிடிப்பதில் சிக்கல் இல்லை. விடவைப்பதில்தான் பெருஞ்செலவு. பிணைப்பை அறுக்க வெப்பம் வேண்டும். அதோடு அந்த 70 பங்கு தண்ணீரும் சேர்ந்து சூடாகிறது, அதில் கொஞ்சம் ஆவியும் ஆகிறது. சாதாரண மோனோஎத்தனாலமீனில் ஒரு டன் வாயுவை விடுவிக்க 3.6 கிகாஜூல் அளவில் வெப்பம் தேவை. மின்கட்டணக் கணக்கில் அது 1000 யூனிட்! அந்த நீராவியை மின்நிலையத்திலிருந்தே எடுத்தால், உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு, சில இடங்களில் அதற்கும் மேல் கைவிட்டுப் போகும். போதாததற்கு, புகையில் உள்ள ஆக்சிஜன் அமீனைச் சிதைக்கும், குழாய்களும் அரிபடும்.

தூத்துக்குடியிலேயே ஒரு நிறுவனம் இதைச் செய்து பார்த்தது. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் 2016-இல், தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை வாயுவைப் பிடிக்கும் அமைப்பை நிறுவியது. அந்த வாயுவிலிருந்து சோடா ஆஷ் தயாரித்தார்கள். கரைசலைத் தந்தது கரக்பூர் ஐஐடியில் படித்த இரண்டு இளைஞர்கள் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: சோடா ஆஷைக் கண்ணாடி உலையில் போட்டால் அதே வாயு திரும்ப வெளியே வந்துவிடும். இதைப் பயன்பாடு என்று சொல்லலாம், புதைப்பு என்று சொல்ல முடியாது.

மின்சாரத்துக்கு வெயிலும் காற்றும் இருக்கின்றன. சிமென்டுக்கு அந்த வசதி இல்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே அதிலிருந்து கரியமில வாயு வரும். எந்த எரிபொருளில் சுட்டாலும் வரும். அதனால் அமீன் கோபுரம் முதலில் நிற்க வேண்டிய இடம் சிமென்ட் ஆலை என்பேன். நார்வேயின் ப்ரெவிக் ஆலையில் 2025-இல் அப்படி ஒன்று திறந்தார்கள். ஆண்டுக்கு 4 லட்சம் டன், அந்த ஆலை வெளியிடுவதில் ஏறக்குறையப் பாதி. பாதியோடு நிறுத்தியதற்குக் காரணமும் வெப்பம்தான். ஆலையில் வீணாகும் சூடு அவ்வளவுக்குத்தான் போதுமானதாக இருந்தது.

அரியலூரைச் சுற்றி நமக்கும் சிமென்ட் ஆலைகள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் வேதியியல் படிக்கப் போகும் பிள்ளை இருந்தால், வாயுவை இறுகப் பிடித்துக்கொண்டு, 120 டிகிரி கேட்காமல் விட்டுக்கொடுக்கும் கரைசலைத் தேடச் சொல்லுங்கள்.