வரப்பு நடையும் வயசான உடம்பும்

நடவு எந்திரமும் அறுவடை எந்திரமும் வந்த பிறகு, எங்க தஞ்சாவூர்ப் பக்கம் குனிஞ்சு நிமிர்ற வேலை பாதி போச்சு. 60 தாண்டியவர்கள் திண்ணையிலும் டிவி முன்னாலும் உட்கார்ந்துவிட்டோம். சோறு மட்டும் பழைய அளவு. அப்புறம் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வராம என்ன செய்யும்?

2021 ஆகஸ்ட் 5-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனா மாத்திரைதான் வீடு தேடி வரும், நடை வராது.

'நாளையிலேர்ந்து நடக்கிறேன்' என்பது நிலைக்காது. வங்கியில் பார்த்திருக்கிறேன்: கையால் கட்டுகிற ஆர்.டி. பாதியில் நிற்கும், சம்பளத்தில் தானாகப் பிடிப்பது கடைசிவரை போகும். அதுபோல, தவறாமல் செய்கிற வேலையோடு புதுப் பழக்கத்தைக் கோத்துவிட வேண்டும். மடை பார்க்கப் போனா வண்டியை ரோட்டிலேயே நிறுத்திட்டு நடங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டியதும் நீங்களும் ஒரு சொம்பு குடிங்க. வயசானா தாகம் சரியாத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. 65-க்கு மேல், தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வாரம் 3 நாளாவது வேண்டும். திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நில்லுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். சேற்று வரப்பில் இந்த வேலை வேண்டாம்!

சாப்பாட்டு விஷயத்தில் நம்மவர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டா சர்க்கரையே போயிடும்னு நம்ம கூட்டங்களிலேயே பேசுறாங்க. அதைக் கேட்டு எங்க தெருவில் ஒருத்தர் மாத்திரையை நிறுத்தினார். காலில் புண் வந்து மாசக்கணக்கில் ஆறவில்லை. தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்து அதிகம், நானும் அதைத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் தட்டு நிறையப் போட்டால் எந்த அரிசியும் சர்க்கரையை ஏற்றும். சோற்றைக் குறைத்து, சம்பா தாளடியில் விதைக்கிற உளுந்தையும் பயறையும் கூட்டுங்கள். தசை கரையாமல் இருக்க அது தேவை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். மோர்மிளகாய், வடகம், ஊறுகாயில் இருப்பதும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, ராத்திரி போகிற வழியில் ஒரு சின்ன விளக்கு, இரண்டையும் இந்த அறுவடைக் காசிலேயே வெச்சிடுங்க.