வாடகையா, சொந்த வீடா?

மட்டக்களப்பில் பெண்பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு வீட்டுக் கணக்குத் தொடங்கிவிடும். மகளுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பதும் இங்கு வழக்கம். அதனால், கல்லடியில் வாடகைக்கு இருக்கும் என்னைப் பார்ப்பவர்கள், "இன்னும் சொந்த வீடு இல்லையா டீச்சர்?" என்று கேட்காமல் விடுவதில்லை.

கணக்கைப் பார்ப்போம். என் வாடகை மாதம் 25,000 ரூபாய். வருடத்துக்கு 3 இலட்சம். இதே வீட்டை 80 இலட்சத்துக்கு வாங்கினால் முத்திரைத் தீர்வை மட்டும் 319,000. முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். நொத்தாரிசு கட்டணம் வேறு. வீடு வாங்காமல் அந்த 80 இலட்சத்தை வங்கியில் 8 வீதத்துக்குப் போட்டால், வரிக்கு முன் வருடம் 640,000 வட்டி வரும். சொந்தக்காரருக்கு மாநகரசபை வரியும் உண்டு. வாவிக்கரை உப்புக்காற்றில் கம்பி துருவேறி கொங்கிறீட் வெடித்தால் மேசன் கூலியும் அவர் தலையில்தான்.

கடன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களின் தவணை எகிறியது.

வாடகைக்காரருக்கும் முற்பணம், வாடகை உயர்வு, வீடு மாறும் அலைச்சல் என்று தொல்லைகள் உண்டு. ஆனாலும், நீண்டகாலம் ஒரே ஊரில் இருப்பது நிச்சயமென்றால், தவணையும் சம்பளத்துக்குள் அடங்குமென்றால் மட்டும் வாங்குங்கள். அதற்கு முன் காணிப் பதிவகத்தில் உறுதியைச் சரிபாருங்கள்.