கையை விடுங்க, காலைப் பாருங்க!

தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, மேற்குப் பக்கம் முடிச்சூர் சாலையில் கொஞ்ச தூரம் வந்தாயிற்று. பொழுது சாய்கிற நேரம். ஒரு பறையாட்டக் குழுவின் ஒத்திகைக்குள் நுழைய அனுமதி கிடைத்திருக்கிறது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நீங்களும் கூடவே வாங்க. செருப்பை மட்டும் வாசலிலேயே விட்டுடுங்க.

சுவரோரம் கிடக்கிற மூட்டையைப் பாருங்கள். ஹெல்மெட், லேப்டாப் பை, டிபன் பாக்ஸ், கழற்றி வீசிய ஆபீஸ் சட்டை, நடுவே சலங்கைக் குவியல். சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஷிப்ட் முடித்து வந்தவர், கல்லூரி மாணவிகள், ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணன் என எல்லோர் சாமானும் அதற்குள்தான். “என் சார்ஜரை எவன்டா எடுத்தது?” என்று ஒரு குரல். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை, பறை காய்ச்ச நெருப்பு மூட்டியாயிற்று!

மூன்று மரத்துண்டுகளை இணைத்த வட்டச் சட்டத்தில் இழுத்து ஒட்டிய தோல்தான் பறை. ஈரக்காற்று பட்டால் தொய்ந்துபோகும், ஒலி மந்தமாகிவிடும். அதனால் தோலைத் தீயில் காட்டிக் காய்ச்ச வேண்டும். அட்டைப்பெட்டி எரிந்து தீர்ந்ததும் ஒரு மாணவி பையிலிருந்து பழைய செமஸ்டர் நோட்டை எடுத்துக் கிழித்துப் போட்டாள். “இப்பதான் இது உருப்படியா எரியுது” என்றாள். ஒரே சிரிப்பு! கற்றுக்கொடுக்கும் ஆசான் மட்டும் சிரிக்காமல் தோலை விரலால் சுண்டுகிறார். பொத்... பொத்... இன்னும் கொஞ்சம் சூடு. சட்டென்று ‘கணீர்’. எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஆனால் முதல் அரைமணி நேரம் யாரும் பறையைத் தோளில் மாட்டவே இல்லை. கைகள் இடுப்பில். வாய்தான் பறை: “தஜ்ஜகு, தஜ்ஜகு!” வலது கால் முன்னே, ஒரு தட்டு, பின்னே இழு, இடது காலுக்கும் அதே. நாலாவது தட்டில் குதித்துத் திரும்ப வேண்டும். முட்டி லேசாக மடங்கியே இருக்கணும், இல்லாவிட்டால் ஆசான் குரல் பறக்கும். ஒரு பையன் மட்டும் எல்லோரும் முன்னே போகும்போது பின்னே போகிறான். “டேய் ரிவர்ஸு!” அவனுக்கு இங்கே அதுதான் பேர். நாலைந்து சுற்று கழித்து அவன் சரியாகத் திரும்பியபோது கிளம்பிய விசில், தலைக்கு மேல் மீனம்பாக்கத்தில் இறங்கப் போன விமானச் சத்தத்தையே அமுக்கிவிட்டது.

இப்போது பறை ஏறுகிறது. இடது கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. “பறை அசையக் கூடாது, நீதான் அசையணும்!” அதுதான் கஷ்டம். உடம்பு குனியும், சுழலும். பறை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பக்கத்தில் போய்ப் பார்த்தேன்: மணிக்கட்டில் சட்டம் அழுத்திய சிவந்த கோடு. கணுக்காலில் சலங்கை உராயாமல் இருக்கப் பழைய வேட்டித் துணி சுற்றியிருக்கிறது, அதுவும் வியர்வையில் சொட்டச் சொட்ட.

டீ வந்தது. ஆசான் கதை சொல்ல உட்கார்ந்தார். தொல்காப்பியமே திணைகளின் கருப்பொருள்களில் பறையையும் சேர்த்துச் சொல்கிறது. போருக்கும் அறுவடைக்கும் சாமிக்கும் சாவுக்கும் ஒலித்த கருவியைச் சாதிதான் ஒரு சமூகத்தின் தலையில் கட்டாய வேலையாகக் கட்டியது. அந்த அவமானம் வேண்டாமென்று பறையைக் கீழே வைத்தவர்கள் உண்டு. அதையே உரிமைக் குரலாகத் தோளில் மாட்டியவர்களும் உண்டு. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் அடித்து ஆடினார்கள். 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் விழா நகரத்துப் பூங்காக்களுக்கு நாட்டுப்புறக் கலைகளைக் கொண்டுவந்தது. 2025-ல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ! அந்தப் பேரைச் சொல்லும்போது நம்ம ஆசான் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பறையில் அடிகள் பல வகை: ஒத்தையடி, தெம்மாங்கடி, சாமிச்சாட்டடி, மருளடி, சினிமா அடி... அடி மாறினால் காலும் மாறும். இதற்குள் ரிவர்ஸு போனில் சிகாகோ ‘ஃபுட்வொர்க்’ வீடியோவை ஓட்டினான். அங்கே கறுப்பின இளைஞர்கள் வளர்த்த தெரு ஆட்டம்; நிமிடத்துக்குச் சுமார் 160 தட்டு வேகம். “இதோட நம்ம சினிமா அடி சேருமா?” போட்டுப் பார்த்தார்கள். சேர்ந்தது! டீ கிளாஸ்கூடக் கீழே வைக்காமல் ஆடினார்கள்.

கிளம்பும்போது நோட்டைக் கிழித்துப் போட்ட அந்த மாணவி ஒன்று கேட்டாள், உங்களிடம் சொல்லச் சொல்லி. கல்யாணத்துக்கோ விழாவுக்கோ பறைக் குழுவைக் கூப்பிட்டால், பெண்கள் உடை மாற்ற ஓர் அறையும், மண்டபத்துக்கு வெளியே பறை காய்ச்ச நாலடி இடமும் ஒதுக்கிக் கொடுங்கள்.