இடுப்பில் ஆயுதம், இதயத்தில் பொறுப்பு



ஓசூரில் தொழில் நடத்துவோர் சிலர் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருக்க விரும்பலாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். அதில் குறித்த எல்லைக்குள் மட்டுமே அது செல்லும். தமிழகத்திற்கு மட்டும் உரிமம் பெற்றவர், ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் துப்பாக்கியோடு நுழைந்தால் குற்றமே. வெளியில் உறைக்குள்ளும், வீட்டில் பிள்ளைகளுக்கு எட்டாதபடி பூட்டியும் வைக்க வேண்டும்.

உயிரைக் காக்கச் சட்டம் நமக்கு உரிமை தருகிறது. தேவைக்கு மேற்பட்ட தீங்கிற்கு அல்ல. திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 2264) இதையே போதிக்கிறது. ஆபத்து நீங்கியபின் சுடுவது தற்காப்பு அல்ல, பழிவாங்கல்.

ஆண்டவரைக் காக்கவே பேதுரு வாளை உருவினார். ஆண்டவரோ வெட்டுண்ட காதைக் குணமாக்கினார். எதிரே நிற்பவனும் இறைச்சாயல் என்பதை மறவாதிருப்போம்.