கடைவீடு: ஒரு கட்டடத்தின் இருநூறு ஆண்டுகள்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலும் பினாங்கின் சூலியா தெருவிலும் மலாக்காவின் பழைய வீதிகளிலும் ஒரே வகைக் கட்டடத்தை நாம் காணலாம். வரிசையாக ஒட்டி நிற்கும் இரண்டு அல்லது மூன்று மாடி வீடுகள். கீழே கடை, மேலே குடும்பம் வசிக்கும் அறைகள். முன்புறம் கூரையிட்ட நடைபாதை. இதற்குக் கடைவீடு என்று பெயர்.

கடைவீட்டின் வண்ணச் சுவரையும் வேலைப்பாடு மிக்க சன்னலையும் பார்த்து வியப்பவர் பலர். ஆனால், அழகு மட்டுமே அதன் சிறப்பு அன்று. அதன் ஒவ்வொரு பகுதியும் ஏதோ ஒரு தேவைக்காக உருவானது. வெயிலைத் தணிப்பது எப்படி? தீ பரவாமல் தடுப்பது எப்படி? குறுகிய இடத்தில் கடையும் குடும்பமும் சேர்ந்து இருப்பது எப்படி? இக்கேள்விகளுக்கு அக்கால மக்கள் கண்ட விடைகளே கடைவீட்டின் சுவரும் கூரையும் முற்றமும் ஆகும்.

குறுகிய முகப்பு, நீண்ட உடல்

பெரும்பாலான கடைவீடுகளின் அகலம் ஏறக்குறைய 5 முதல் 6 மீட்டர்தான். நீளமோ அதைப்போல் பல மடங்கு. 30 மீட்டருக்கும் மேல் உள்நோக்கிச் செல்லும் வீடுகளும் உண்டு. இந்த அகலத்தை நிர்ணயித்ததில் மரத்திற்குப் பெரும் பங்கு இருந்தது. மாடித் தளத்தைத் தாங்கும் உத்தரங்கள் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவர்வரை குறுக்கே செல்ல வேண்டும். கிடைத்த மரத்தின் நீளம் எவ்வளவோ அதற்கு ஏற்பவே வீட்டின் அகலமும் அமைந்தது. மேலும், தெருவோர நிலத்திற்கு எல்லா வணிகர்களும் போட்டியிட்டனர். முகப்பு குறுகலாக இருந்தால்தான் ஒரே தெருவில் பல கடைகள் இடம்பெற முடியும்.

பக்கத்து வீடுகள் இரண்டும் ஒரே செங்கல் சுவரைப் பகிர்ந்துகொண்டன. பல இடங்களில் இப்பொதுச் சுவர் கூரைக்கு மேலும் சற்று உயர்ந்து நிற்பதைக் காணலாம். ஒரு வீட்டில் தீப்பற்றினால் அது அடுத்த வீட்டின் கூரைக்குத் தாவாமல் தடுப்பது அதன் பணிகளுள் ஒன்று.

தீ குறித்த அச்சம் வெறும் கற்பனையன்று. 1881ஆம் ஆண்டு கோலாலம்பூரில் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டப்பட்டிருந்த வீடுகள் பெருந்தீக்கு இரையாயின. அதே ஆண்டில் வெள்ளமும் நகரைத் தாக்கியது. அதன்பின் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ஆலோசகராக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று விதித்தார். செங்கல்லின் தேவை பெருகியது, சூளைகள் எழுந்தன. இன்று தமிழர்கள் நன்கறிந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் பெயர், அங்கே இருந்த செங்கற்சூளைகளை நினைவூட்டுகிறது.

நடைபாதை யாருக்குச் சொந்தம்?

1822ஆம் ஆண்டு சிங்கப்பூரின் நகரத் திட்டத்தை வகுத்த ஸ்டாம்போர்ட் ராபிள்ஸ், வீடுகளின் முகப்பு ஒரே சீராக அமைய வேண்டும் என்று பணித்தார். ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட வராந்தா இருக்க வேண்டும், அது தெருவின் இருபுறமும் தொடர்ச்சியான பாதையாக எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பதும் அவரது விதி. இவ்வாறு உருவானதே ஐந்தடி நடைபாதை. பேச்சு வழக்கில் அது 'அஞ்சடி' ஆயிற்று. மலாய் மொழியில் அதனைக் 'காக்கி லீமா' என்பர்.

வெயிலும் திடீர் மழையும் மிகுந்த இந்நாட்டில் அந்நடைபாதை பெரும் உதவியாக இருந்தது. தமிழ்நாட்டுக் கிராம வீட்டின் திண்ணையை இது ஓரளவு ஒத்திருக்கிறது. இரண்டும் வீட்டிற்கும் தெருவிற்கும் இடைப்பட்டவை. ஆனால், ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. திண்ணை வீட்டுக்காரருக்கு உரியது. வழிப்போக்கர் அதில் விருந்தினர். ஐந்தடி நடைபாதையோ வீட்டுக்காரரின் நிலத்தில் அமைந்திருந்தும் அனைவரும் நடக்க உரிமையுள்ள வழி.

இந்த இரட்டைத் தன்மையே சிக்கலையும் உண்டாக்கியது. கடைக்காரர்கள் தங்கள் சரக்குகளை நடைபாதையில் அடுக்கினர். முடிதிருத்துநர், செருப்புத் தைப்பவர், உணவு விற்பவர் எனப் பலரும் அங்கேயே தொழில் செய்தனர். நடப்பவர்களோ வெயிலில் வண்டிகளுக்கு நடுவே இறங்கி நடக்க வேண்டியிருந்தது. 1888ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நகராட்சி நடைபாதைகளைக் காலிசெய்ய முற்பட்டபோது சிங்கப்பூரில் கலவரமே மூண்டது. கடைகள் அடைக்கப்பட்டன. வரலாற்றில் இது 'வராந்தா கலவரம்' எனப்படுகிறது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலமே உள்ள ஓர் இடம், பொதுநலனுக்கும் பிழைப்புக்கும் இடையே நிகழ்ந்த பெரும் போராட்டத்தின் களமாயிற்று.

வீட்டுக்குள் ஒரு வானம்

இருபுறமும் பொதுச் சுவர் இருப்பதால் கடைவீட்டின் பக்கவாட்டில் சன்னல் வைக்க இயலாது. முன்னும் பின்னும் மட்டுமே திறப்புகள் உள்ள நீண்ட வீட்டின் நடுப்பகுதி இருண்டும் புழுங்கியும் போய்விடும். இதற்கு விடையாக அமைந்ததே கூரையற்ற திறந்த முற்றம்.

வெப்பமான காற்று எடை குறைந்தது; ஆகவே அது மேலே எழும். முற்றத்தின் வழியே அது வெளியேறும்போது, நிழலான நடைபாதையிலிருந்து குளிர்ந்த காற்று வீட்டினுள் இழுக்கப்படுகிறது. மின்விசிறி இல்லாத காலத்தில் வீடு மூச்சுவிட்ட முறை இது. முற்றத்தில் விழும் மழைநீர் வடிகால் வழியே வெளியேறியது. நீரைச் செல்வத்தின் அடையாளமாகக் கருதும் சீனக் குடும்பங்கள், மழை வீட்டிற்குள் விழுவதை நல்ல அறிகுறியாகவும் எண்ணின.

அறைகளும் முற்றத்தைச் சுற்றியே ஒழுங்குபெற்றன. முன்பகுதி கடை அல்லது வரவேற்பறை, அதனையடுத்து முன்னோர் வழிபாட்டிற்குரிய கூடம், முற்றத்திற்கு அப்பால் சமையலறை, மாடியில் படுக்கையறைகள். வெளியார் வரக்கூடிய இடத்திலிருந்து குடும்பத்தினர் மட்டுமே புழங்கும் இடத்திற்குப் படிப்படியாகச் செல்லும் அமைப்பு இது. செட்டிநாட்டு வீடுகளிலும் இதே எண்ணம் வேறு வடிவில் உண்டு. அங்கும் வாசலைக் கடந்தால் வானம் தெரியும் முற்றம், அதனைச் சுற்றி அறைகள், பின்கட்டில் சமையல். ஒருவரை ஒருவர் பார்த்துப் பின்பற்றினர் என்று சொல்வதைவிட, ஒரே வகை வெயிலும் கூட்டுக்குடும்ப வாழ்வும் இரு மக்களையும் ஒத்த விடைக்கு இட்டுச்சென்றன என்பதே பொருத்தம்.

பல கைகளின் வேலை

தொடக்ககாலக் கடைவீடுகள் தாழ்வானவை, அலங்காரம் குறைந்தவை. ரப்பரும் ஈயமும் செல்வத்தைக் கொண்டுவந்த இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகப்புகள் உயர்ந்தன, அலங்காரமும் பெருகியது. ஐரோப்பியத் தூண்கள், மலாய் மரச் செதுக்கல்கள், உடைந்த பீங்கான் துண்டுகளால் சீனக் கைவினைஞர்கள் அமைத்த பூவேலைகள் ஆகிய அனைத்தும் ஒரே முகப்பில் இடம்பிடித்தன. இங்கிலாந்து, பெல்ஜியம், ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த வண்ண ஓடுகள் சுவரையும் தரையையும் அலங்கரித்தன. 1930களில் காங்கிரீட்டின் பயன்பாடு பரவியது. பூவேலைகள் மறைந்து, நேர்க்கோடுகளும் எளிய வடிவங்களும் கொண்ட புதிய பாணி தோன்றியது.

இக்கட்டுமானக் கலையில் இந்தியரின் பங்கும் உண்டு. இங்கு 'மெட்ராஸ் சுனாம்' எனப்பட்ட சாந்து இதற்குச் சான்று. சுனாம் என்பது சுண்ணாம்பைக் குறிக்கும் சொல். சுண்ணாம்புடன் முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைச் சேர்த்து இச்சாந்து தயாரிக்கப்பட்டது. காய்ந்தபின் அதனைத் தேய்த்து மெருகேற்றினால் சுவர் பளிங்கைப்போல் மின்னும். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பால் எழுந்த சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தில் இச்சாந்து பயன்படுத்தப்பட்டது.

ஒரு பெட்டியின் அளவு இடம்

கடைவீட்டின் உட்புறத்தை ஒவ்வொரு சமூகமும் தன் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நடத்திய கிட்டங்கிகள் நல்ல எடுத்துக்காட்டு. வட்டித்தொழில் செய்த பலர் ஒரே கிட்டங்கியைப் பகிர்ந்துகொண்டனர். அறைகளைப் பிரிக்கும் தடுப்புகள் இல்லை. தரையில் அமர்ந்து, முன்னால் ஒரு தாழ்வான மேசைப்பெட்டியை வைத்துக் கணக்கு எழுதுவர். அந்தப் பெட்டி இருக்கும் இடமே ஒருவரின் அலுவலகம். உறங்குவதும் அதே கட்டடத்தில்தான். மிகக் குறைந்த பொருள்களைக் கொண்டு, ஒரே இடத்தைப் பகலில் ஒன்றுக்கும் இரவில் மற்றொன்றுக்கும் பயன்படுத்திய சிக்கனமான உள்ளமைப்பு அது.

நெரிசலில் சிக்கிய வீடு

நகரங்களில் மக்கள்தொகை பெருகியபோது கடைவீட்டின் நிலை மாறியது. ஒரு குடும்பத்திற்காகக் கட்டப்பட்ட வீடு பலகைத் தடுப்புகளால் சிறுசிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டது. பல அறைகளுக்குச் சன்னலே இல்லை. முற்றத்தையும் மூடி இடமாக்கினர். காற்றும் வெளிச்சமும் வரும் வழி அடைபட்டதும் காசநோய் போன்ற நோய்கள் பரவின. 1907ஆம் ஆண்டு சிங்கப்பூரின் சுகாதார நிலை குறித்து அறிக்கை அளித்த பேராசிரியர் சிம்சன், முதுகோடு முதுகு ஒட்டியிருந்த வீட்டு வரிசைகளுக்கு இடையே பின்சந்துகளை அமைக்கப் பரிந்துரைத்தார். கழிவை அகற்றவும் காற்று வரவும் அவை உதவின. இன்று நாம் காணும் பின்சந்துகள் பல இவ்வாறு உருவானவை.

ஆயினும் நெரிசல் தீரவில்லை. 1950களில் சீனாடவுனின் அப்பர் நான்கிங் ஸ்திரீட்டில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, முழுக் குடும்பங்களும் ஒற்றைத் தடுப்பறைக்குள் வாழ்ந்ததைப் பதிவுசெய்தது. 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு மக்கள் குடிபெயர்ந்தபோது, பலர் கடைவீட்டை ஏக்கத்தோடு அல்லாமல் நிம்மதியோடுதான் விட்டுச்சென்றனர். கடைவீட்டின் பெருமையைப் பேசுவோர் இந்த உண்மையையும் மறத்தலாகாது.

எதைக் காப்பது?

நகர மேம்பாட்டிற்காகப் பல கடைவீடுகள் இடிக்கப்பட்டன. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளும் அவற்றுள் அடங்கும். பிறகு எண்ணம் மாறியது. 1989ஆம் ஆண்டு சீனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உள்ளிட்ட வட்டாரங்கள் சிங்கப்பூரில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இன்று சிங்கப்பூர் முழுவதும் 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாக்கப்படுகின்றன. வரலாற்று வட்டாரங்களில் முகப்பை மட்டுமன்றி, கூரை, முற்றம், பொதுச் சுவர் போன்ற உள்ளமைப்புகளையும் காக்க வேண்டும் என்பது விதி. மலேசியாவில் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன.

எனினும், கட்டடத்தைக் காப்பது எளிது; அதனுள் இருந்த வாழ்வைக் காப்பது கடினம். ஜார்ஜ் டவுனில் பல ஆண்டுகளாக வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்தது. வாடகை மிகக் குறைவாக இருந்ததால் உரிமையாளர்கள் வீடுகளைப் பழுதுபார்க்க முன்வரவில்லை. ஆனால், அதே குறைந்த வாடகையால்தான் சிறு வணிகர்களும் கைவினைஞர்களும் நகரின் நடுவே வாழ முடிந்தது. 2000ஆம் ஆண்டு அக்கட்டுப்பாடு நீங்கியதும் வாடகை உயர்ந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த பலர் வெளியேறினர். வீடுகள் பழுதுபார்க்கப்பட்டன, தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. கட்டடம் பிழைத்தது. ஆனால், அதைக் கடைவீடாக்கிய மனிதர்களுள் பலர் அங்கு இல்லை.

எந்தக் காலத்திலும் கடைவீடு மாறாமல் நின்றதில்லை. தீ வந்தபோது செங்கல்லாக மாறியது. செல்வம் வந்தபோது அலங்காரம் பூண்டது. நோய் வந்தபோது பின்சந்துக்கு வழிவிட்டது. ஆகவே, மாற்றத்தையே தவறு என்று சொல்ல இயலாது. எந்த மாற்றம் அதில் வாழ்வோருக்கு உதவுகிறது, எது அவர்களை வெளியேற்றுகிறது என்பதே எண்ணிப்பார்க்க வேண்டியது. அடுத்த முறை ஐந்தடி நடைபாதையில் நடக்கும்போது, முகப்பின் வண்ணத்தை ரசிப்பதோடு நின்றுவிடாமல், திறந்திருக்கும் கதவின் வழியே சற்று உள்ளேயும் பார்க்கலாம். முற்றத்தில் இன்னும் வெளிச்சம் விழுகிறதா? அந்த வெளிச்சத்தில் யார் அமர்ந்து வேலை செய்கிறார்கள்?